கை இறங்கும் வண்டி

லாரியின் முன்கண்ணாடி முழுதாகப் போயிருந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு மனிதரின் தலையும் தோளும் தெரிந்தன. தூறல் நேராக அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடவும் இல்லை, முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் பக்கம் திரும்புகிற வளைவு அது. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் வலப்புறமாகச் சாய்ந்து, மழைநீர்க் கால்வாயின் சிமெண்ட் விளிம்பில் தலையை வைத்துப் படுத்திருந்தது. டீசல் வாடையும் நசுங்கிய எருக்கஞ்செடி வாடையும் கலந்து அடித்தன. நைட் ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் பஸ்ஸும் காலை ஷிப்டுக்கு வருகிறவர்களின் பஸ்ஸும் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டு நின்றன. ஜன்னல்களில் வரிசையாக செல்போன்கள் நீண்டிருந்தன.

எஸ்.ஐ. மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார். “யோவ், இன்னா வேடிக்க பாத்துனு நிக்கிற? கொக்கிய மாட்டித் தூக்கு.”

என் கிரேன் வண்டியை ரிவர்ஸ் எடுத்துச் சரியான இடத்தில் நிறுத்தியாகிவிட்டது. என்னோடு வேலை செய்யும் ஏழுமலை கொக்கியைக் கையில் பிடித்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மட்டும் லீவரில் கை வைக்காமல் நின்றேன்.

ஏன் நின்றேன் என்று சொல்ல வேண்டுமானால் என் வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும். மாட்டிக்கொண்ட மனுஷனை மழையில் விட்டுவிட்டு இவன் கதை அளக்கப் போகிறானே என்று திட்டாதீர்கள். அங்கே நின்ற கொஞ்ச நேரத்தில் என் தலைக்குள் இத்தனையும் ஓடியது. எழுதும்போது நீண்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

யாரும் சேமிக்காத எண்

போன வாரம் இந்தத் தொடரில் வந்ததைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “தொழிலைப் பற்றி எழுதும்போது உங்களுக்கு ஏன் இவ்வளவு அலுப்பு?” என்று கேட்டிருக்கிறார். அம்மா, என் போனை ஒரே ஒரு நாள் நீங்கள் வைத்துக்கொண்டு பாருங்கள்.

என்னுடையது ரெக்கவரி வண்டி. பழைய லாரி ஒன்றின் பின்பாதியில் கிரேன் பூட்டியது. கவிழ்ந்தது, மோதியது, அச்சு முறிந்தது, சேற்றில் இறங்கியது எல்லாவற்றையும் தூக்கி, கட்டி இழுத்துப்போய் ஒர்க்‌ஷாப்பில் விடுவது வேலை. என்னைக் கூப்பிடுகிற எவனும் சந்தோஷமாகக் கூப்பிடுவதில்லை. ஒருவன் அழுதுகொண்டே கூப்பிடுவான், ஒருவன் நான்தான் இடித்துவிட்டு ஓடியது போலத் திட்டிக்கொண்டே கூப்பிடுவான். போய் நின்றதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “இன்னாங்க, இவ்ளோ லேட்டு?”

வேலை முடிந்ததும் கார்டு கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அடுத்த டீக்கடை பெஞ்சில் அது கிடக்கும். நானே பலமுறை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டிருக்கிறேன். என் எண்ணை செல்லில் பெயர் போட்டு வைத்துக்கொள்ள யாருக்கும் மனசு வராது. வைத்துக்கொண்டால் மறுபடி கூப்பிட வேண்டி வந்துவிடும் என்ற பயம். அதற்காக நான் யார் மேலும் கோபப்பட்டதில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அந்தச் சாலையில் என் எண்ணைப் பெயரோடு வைத்திருந்த ஒரே ஆள் இந்த எஸ்.ஐ.தான். எங்கே எது விழுந்தாலும் முதல் போன் எனக்கு வரும். என் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த ஒரு மனிதரின் போனால்தான் என்று சொன்னால் தப்பில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. மண்ணூரில் எங்களுக்கு இருந்த நிலம் கம்பெனிக்குப் போனது. அதைப் பற்றி எழுதி எழுதி எல்லோருக்கும் அலுத்துவிட்டது, எனக்கும்தான். அதே கம்பெனியில் ஒப்பந்தத்தில் சேர்ந்து, நாள் முழுக்க லைனில் நின்று, முழங்கால் போனதும் வெளியே வந்தேன். உட்கார்ந்து செய்கிற வேலையாக எதாவது பார்ப்போம் என்று தேடியதில் மாட்டியது இது. உட்கார்ந்து செய்கிற வேலையாம். வந்த முதல் மாதமே இடுப்பும் போயிற்று.

வண்டி வந்ததும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டோம். குருக்கள் மாலை சாத்திவிட்டு, “நன்னா வேண்டிக்கோங்கோ, தொழில் அமோகமா நடக்கணும்னு” என்றார். என் மனைவி பரிமளா கையைக் கூப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். என் காதருகே வந்து, “இன்னான்னு வேண்டிக்கிறது? தெனம் நாலு பேர் கவுந்து வுழணும்னா?” என்றாள்.

அவளே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கேட்டேன். “கூப்ட்டா சீக்கிரம் போய் நிக்கணும்னு கேட்டேன். வேற இன்னா கேக்கறது?” என்றாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தேன்.

டீ குடிக்கப் போன நேரம்

இப்போது வண்டி வாங்கிய கூத்து.

புது வண்டி வாங்க நம்மிடம் எங்கே வசதி? மேற்கு மாவட்டம் ஒன்றில் பழைய லாரிகள் விற்கிற யார்டு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஏழுமலையையும் கூப்பிட்டேன். அவன் தங்கை வீட்டில் விசேஷம், வர முடியாது என்றுவிட்டான். தனியாகத்தான் போனேன்.

எங்கள் தொழிலில் பழைய கிரேன் வண்டி வாங்குவதற்கு ஒரு வழக்கம் உண்டு. இன்ஜின் சத்தத்தைக் கேட்பது, டயரைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் பிறகு. முதலில் அதன் கையால், அதாவது பின்னால் நீண்டிருக்கிற அந்த இரும்புத் தூண்டிலால், எதையாவது கனமாகத் தூக்கி அந்தரத்தில் நிறுத்த வேண்டும். எந்த உயரத்தில் நிற்கிறது என்று சாக்பீஸால் பக்கத்தில் ஒரு கோடு. பிறகு வாங்குகிறவனும் விற்கிறவனும் டீ குடிக்கப் போக வேண்டும். திரும்பி வந்து பார்க்கும்போது தூக்கியது கோட்டிலேயே நின்றால் வண்டி சுத்தம். இறங்கியிருந்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் கசிகிறது, கை பாரத்தைத் தாங்காது என்று அர்த்தம்.

யார்டுக்காரர் வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக இருந்தார். ஒரு பழைய லாரியின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அவரே சாக்பீஸை என் கையில் கொடுத்தார். “நீங்களே கோடு போடுங்க. நான் போட்டா நாளைக்கு ஒரு பேச்சு வந்துருமுங்க” என்றார். எனக்கு அந்த மனுஷன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

“வாங்க, ஒரு டீ சாப்டுட்டு வந்து பாத்துக்கலாமுங்க. வண்டி எங்கீங்க ஓடிப்போவுது?”

போனோம். டீயோடு கடலை மிட்டாயும் வாங்கிக் கொடுத்தார். என் குடும்பம் பற்றி விசாரித்தார். முழங்காலுக்கு ஒரு தைலம் சொன்னார். வெயில் முகத்தில் அடித்ததால் பெஞ்சைத் திருப்பிப் போட்டு யார்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். நல்ல டீ. ஏலக்காய் போட்டிருந்தார்கள்.

திரும்பி வந்து பார்த்தேன். லாரி கோட்டை விட்டு நகரவில்லை. அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் வேலை, ஒரு மினி லாரி. தூக்கி நிறுத்திவிட்டு அடியில் சங்கிலி மாட்ட ஏழுமலை குனிந்தான். குனிந்தவன் சட்டென்று பின்னால் வந்துவிட்டான். மினி லாரி சத்தமே இல்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கக் கலக்கத்தில் ஆள் தலை சாய்வது போல மெதுவாக, நிதானமாக இறங்கியது.

ஏழுமலை என்னைப் பார்த்தான். “டீ குட்ச்சியா?”

“குட்ச்சேன்டா. கோட்டுலயே நின்னுச்சு.”

“எந்தப் பக்கம் பாத்து உக்காந்த?”

நான் லீவரை இழுத்து மினி லாரியை மறுபடி தூக்கினேன்.

“நீ அந்தாண்ட திரும்பி டீ குட்ச்சுனு இருந்தப்போ எவனோ ஒருத்தன் லீவர இஸ்த்துனு இருந்திருக்கான். எறங்க எறங்கத் தூக்கி விட்டிருக்கான். அத்தான் கோட்டுல நின்னிருக்கு” என்றான். பிறகு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “ஏலக்கா டீயா?” என்று கேட்டான். அதை அவன் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தால் போதும், “ஏலக்கா டீ சாப்புட்றியா?” என்பான்.

கட்டை

சரி செய்யாமலா இருந்தேன்? சிலிண்டரைப் பிரித்து, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை மாற்றினேன். கொஞ்ச நாள் நிற்கும், மறுபடி இறங்கும். உள்ளே இரும்புக் குழாயிலேயே கீறல், எத்தனை சீல் போட்டாலும் அது கிழித்துவிடும், குழாயோடு மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். அடுத்த மாசம் மாற்றலாம், அதற்கடுத்த மாசம் மாற்றலாம் என்று தள்ளிக்கொண்டே போனது. வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒன்றைச் சரி செய்ய எடுத்து வைத்ததை இன்னொன்று விழுங்கிவிடும்.

ஆகவே கட்டை வைத்து ஓட்டினோம். கை கொஞ்சம் தூக்கும். தூக்கியதற்கும் தரைக்கும் நடுவில் ஏழுமலை ஒரு மரக்கட்டையைச் சொருகுவான். கை இறங்கினாலும் பாரம் கட்டையில் உட்கார்ந்துகொள்ளும். மறுபடி கொஞ்சம் தூக்குவேன், மறுபடி ஒரு கட்டை. பழைய ரயில் தண்டவாளக் கட்டையைப் பல அளவுகளில் அறுத்துப் பெட்டியில் வைத்திருந்தோம். மற்றவன் ஒரே மூச்சில் முடிக்கிற வேலையை நாங்கள் கட்டை கட்டையாக முடிப்போம். பார்க்கிறவர்கள், “ரொம்ப ஜாக்கிரதையான ஆளுங்கப்பா” என்பார்கள். எஸ்.ஐ.யும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஏழுமலை கட்டை வைக்கும்போது லீவரை விட்டு என் கை நகராது. அவன் கை உள்ளே இருக்கும், என் பார்வை அவன் விரல்களிலேயே இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே தோன்றாது. சட்டையெல்லாம் ஹைட்ராலிக் எண்ணெய் வாடை. பரிமளா என் துணியைத் தனியாக ஊறவைப்பாள். “இத வித்துத் தொலையேன். மூஞ்சே ஒரு மாரி ஆயிடுச்சு ஒனக்கு” என்பாள். யாரிடம் விற்பது? எவன் வந்தாலும் எதையாவது தூக்கி நிறுத்திவிட்டு டீ குடிக்கத்தானே கூப்பிடுவான்.

உள்ளதைச் சொல்வது

அப்படிப்பட்ட வண்டியைத்தான் அந்தத் தூறலில் டிரெய்லரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

கால்வாயில் இறங்கிக் குனிந்து பார்த்தேன். டிரைவரின் வலது கால், கேபினின் நசுங்கிய விளிம்புக்கும் கால்வாயின் சிமெண்ட் சுவருக்கும் நடுவில் முட்டிக்குக் கீழே மாட்டியிருந்தது. கேபினைக் கொஞ்சம் தூக்கினால் போதும், ஆளை வெளியே இழுத்துவிடலாம். அதைத்தான் எஸ்.ஐ. சொன்னார்.

ஆனால் தூக்கி நிறுத்திவிட்டு ஆட்கள் உள்ளே கை விட்டு அவரை இழுக்கிற நேரத்தில் என் வண்டியின் கை இறங்கும். மறுபடி அதே காலின் மேல், இந்தத் தடவை இன்னும் மேலே, தொடையிலோ இடுப்பிலோ உட்காரும். கட்டை வைக்கலாம் என்றால் வெளியிலிருந்து அந்த இடுக்குக்குள் யார் கையும் போகாது. ஏழுமலை படுத்துப் பார்த்தான், குத்துக்காலிட்டுப் பார்த்தான், தோள் வரைக்கும் விட்டுப் பார்த்தான். எட்டவில்லை. எழுந்து என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

ஆம்புலன்ஸ் எப்படியோ ஓரமாக நுழைந்து வந்துவிட்டது, தீயணைப்பு வண்டி பஸ்களுக்கு அந்தப் பக்கம் மாட்டியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெரிய கிரேன் வர வேண்டுமென்றால் முதலில் இந்த நெரிசல் கலைய வேண்டும். அந்த மனிதரின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

சொன்னால் எஸ்.ஐ.யின் போனிலிருந்து என் பெயர் போய்விடும், பிழைப்பும் அதோடு போய்விடும். சொல்லாமல் தூக்கினால், ஒருவேளை கை மெதுவாக இறங்கி, அதற்குள் ஆளை இழுத்தும்விடலாம். சில நாள் அது நன்றாகவே நிற்கும். இதையும் நினைத்தேன், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

“சார், தூக்குவேன். ஆனா நிக்காது சார். இந்த வண்டி கை எறங்கும்” என்றேன்.

எஸ்.ஐ.க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் மாறியது. “இத்தினி நாளா இத வெச்சினா என் ரோட்ல தூக்கினு இருந்த?”

“ஆமா சார்.”

பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எஸ்.ஐ. வாயைத் திறந்தார், திட்டுவார் என்று நினைத்தேன். உள்ளே மாட்டியிருந்தவரை ஒருமுறை பார்த்துவிட்டு, “இப்போ இன்னா பண்லாம், அத்த சொல்லு” என்றார்.

வழி ஒன்றுதான் இருந்தது. அந்த இடுக்குக்குள் எட்டக்கூடிய கை ஒரே ஒருவருடையதுதான். நான் முட்டி வலியோடு சேற்றில் மண்டியிட்டு, உடைந்த கண்ணாடி வழியாக அவர் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

“தம்பி, பேர் இன்னா?”

“மாரிச்சாமி.”

“எந்த ஊரு?”

“சாத்தூர் பக்கம்ண்ணே. என் காலு இருக்காண்ணே? எனக்குத் தெரியல.”

“கீது. நான் சொல்றத கேளு. என்னுது பழைய வண்டி. தூக்கும், ஆனா தூக்குனபடி நிக்காது, மெதுவா எறங்கிடும். நான் கொஞ்சம் தூக்குவேன். ஒடனே நீ இந்தக் கட்டைய அந்த சந்துல சொருவணும். எறங்குனா கட்ட மேல எறங்கும், உன் கால் மேல எறங்காது. திருப்பித் தூக்குவேன், திருப்பி நீ சொருவணும். வேற யாருக்கும் கை எட்டல. உன்னால முடியுமா?”

“வந்ததுலருந்து எல்லாரும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே சொல்றாக” என்றார். “நீங்க ஒருத்தருதான் உள்ளதச் சொல்றீக. குடுங்கண்ணே கட்டைய.”

ஏழுமலை இருப்பதிலேயே மெல்லிய கட்டையை அவர் கையில் வைத்தான். கேபினில் கொக்கியை மாட்டிவிட்டு நான் வண்டிக்குப் போய் லீவரைப் பிடித்தேன். கயிறு முறுக்கேறியது. கேபின் முனகிக்கொண்டு எழும்பியது.

“இப்போ” என்று ஏழுமலை சொன்னான்.

மாரிச்சாமி கட்டையைச் சொருகினார். கை இறங்கியது. கட்டை நெரிகிற சத்தம் கேட்டது, ஆனால் தாங்கிக்கொண்டது. அடுத்த கட்டை. அடுத்தது.

நடுவில் கேபினுக்குள் எங்கேயோ போன் அடிக்க ஆரம்பித்தது. ஒரு குழந்தை கலகலவென்று சிரிக்கிற ரிங்டோன். நின்றது, மறுபடி அடித்தது. “எம் பொஞ்சாதி” என்றார் மாரிச்சாமி. அந்தச் சிரிப்புச் சத்தத்தோடேயே லீவரை இழுத்தேன்.

ஒரு தடவை அவர் கை வழுக்கிவிட்டது. கட்டை குறுக்கே நின்றுவிட்டது, கேபின் இறங்கிவிட்டது. அவர் கத்திய கத்தலில் பஸ்ஸில் இருந்த பெண்கள் போனைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லீவரை விட்டுவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது. ஏழுமலை என் பக்கம் திரும்பாமலேயே, “தூக்கு, தூக்கு, நிறுத்தாத” என்றான்.

“தூக்குங்கண்ணே” என்று உள்ளேயிருந்தும் குரல் வந்தது. “இந்தத் தடவ விடமாட்டேன்.”

தூக்கினேன். அவர் விடவில்லை.

கடைசிக் கட்டை உள்ளே போனதும் ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் கண்ணாடி ஓட்டை வழியாக அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள். கால் வெளியே வந்தது. முட்டிக்குக் கீழே அது போக வேண்டிய திசையில் போகவில்லை. நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் வைத்துச் சில அடி நகர்ந்திருப்பார்கள். பின்னால் கேபின் தொப்பென்று இறங்கியது. அடுக்கியதில் ஒரு கட்டை இரண்டாகப் பிளந்து சேற்றில் தெறித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எஸ்.ஐ. என் அருகில் வந்தார். இப்போது கத்தவில்லை. “நாளைலேர்ந்து இந்த வண்டிய ரோட்ல நான் பாக்கக்கூடாது.”

“சரி சார்” என்றேன்.

“ஆள காப்பாத்திட்ட. அத்த நான் இல்லன்னு சொல்லல. ஆனா பாக்கக்கூடாது.”

“சரி சார்.”

வண்டியின் கதையை இதோடு முடித்துவிடுகிறேன். எஸ்.ஐ. மறுபடி என்னைக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் ஒரு மழைக்காலம் முழுக்க அது நின்றது. விலைக்குக் கேட்டு வந்தவர்களிடம் கை இறங்கும் என்று வாசலிலேயே சொன்னேன், அப்படியே திரும்பிப் போனார்கள். கடைசியில் உடைத்து எடுக்கிறவர்கள் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். ஏழுமலை ஒரு கம்பெனியில் போர்க்லிப்ட் ஓட்டப் போய்விட்டான். நான் இப்போது இன்னொருவரின் வண்டிக்குச் சம்பள டிரைவர். பரிமளா கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள். “போவட்டும் வுடு, துணியாவது சுத்தமா கீது” என்றாள். அவளுக்கும் வருத்தம் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

பஞ்சர்

அன்றைக்கு ஆம்புலன்ஸ் உடனே கிளம்ப முடியவில்லை. எஸ்.ஐ. பஸ்களைப் பின்னால் எடுக்க வைத்துக்கொண்டிருந்தார். பின்கதவு திறந்தே இருந்தது. மாரிச்சாமிக்கு ஊசி போட்டு, காலைக் கட்டி, சலைன் மாட்டியிருந்தார்கள். ஏழுமலை சீட்டுக்கடியில் கிடந்த போனை எடுத்து வந்து துடைத்துக் கொடுத்தான். கொடுக்கும்போதே அது மறுபடி சிரிக்க ஆரம்பித்தது. திரையில் ஈஸ்வரி என்றிருந்தது.

மாரிச்சாமி அதை என்னிடம் நீட்டினார். “அண்ணே, நீங்க பேசுங்க. நான் பேசுனா குரலு காட்டிக்கொடுத்துரும். அவ மாசமா இருக்கா. பஞ்சர்னு சொல்லிருங்க. ஊர்லருந்து எங்கண்ணன் நேர்ல போயிச் சொல்லிக்கிடட்டும்.”

மாட்டேன் என்று சொல்லத் தோன்றியது. அன்றைக்கு அதற்கு மேல் எதையும் செய்கிற தெம்பு எனக்கு இல்லை. ஆனால் அவர் கை நீட்டியபடியே இருந்தது, விரல்களில் கட்டையின் சிராய்கள் ஏறியிருந்தன. வாங்கிக் காதில் வைத்தேன்.

“அலோ.”

“யாரு? அவுக போன்ல யாரு பேசுறது?”

“மெக்கானிக்மா. வண்டி பஞ்சரு. டயர் கழட்டினு கீறோம். அவருக்குக் கையெல்லாம் கிரீஸு, அத்தான் நான் எடுத்தேன்.”

மாரிச்சாமி நன்றாகச் சொன்னீர்கள் என்பது போலத் தலையை ஆட்டினார்.

“எம்புட்டு நேரமா அடிக்கேன். ஒரு தடவ கூடவா எடுக்க முடியல?”

“இங்க மழைம்மா. போன் வண்டிக்குள்ள இருந்துச்சு.”

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றை யாரோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“அண்ணே, அவுக நல்லா இருக்காகல்ல?”

“நல்லா கீறாரும்மா. இதோ, என் பக்கத்துலதான் படுத்துனு கீறாரு.”

சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையில்தான் உறைத்தது.

“பஞ்சருக்கு எதுக்குண்ணே படுத்திருக்காக?” என்றாள் அந்தப் பெண்.

மாரிச்சாமியைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது. கண்ணை ஒருமுறை இறுக்க மூடித் திறந்தார். போனைக் கொடுங்கள் என்று கையைக் காட்டினார். நான் குனிந்து அதை அவர் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

“ஈஸ்வரி” என்றார். “அழாத. காலு மட்டுந்தான்.”